விற்றமின் குளிசைகளை யார் கூட்டிப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கொழும்பில் வாழும் நம்மவர்களின் வீடுகளில், சாப்பாட்டு மேசையிலும் குளிர்சாதனப் பெட்டியின் மேலும் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும் விற்றமின் போத்தல்கள் தொடர்பாகத் தங்கள் பத்திரிகையின் வாயிலாகச் சில விடயங்களை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். நெடுங்காலம் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால் இக்குளிசைகளின் பயனை நான் நன்கு அறிவேன். கர்ப்பிணித் தாய்க்கு வழங்கப்படும் போலிக் அமிலமும், பரிசோதனையில் குறைபாடு உறுதியான ஒருவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் விற்றமினும் மிகவும் அவசியமானவை. அவற்றைப் பற்றி எனக்கு எந்த முறைப்பாடும் கிடையாது. வைத்தியர் ஒன்றைத் தர, பாமசியில் ஒன்றை வாங்க, வெளிநாட்டு உறவினர் ஒன்றைக் கொண்டுவர, இப்படி நாலு பக்கமிருந்தும் வந்து சேரும் ஒரே சத்தை ஒரே உடம்பு ஒவ்வொரு நாளும் வாங்கிக்கொள்வதையும், அந்தத் தொகையைக் கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லாதிருப்பதையும் பற்றியே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தனியாக வாழும் முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எலும்புத் தேய்வுக்காக அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட கல்சியக் குளிசையில் விற்றமின் டி கலந்திருக்கும். நாளுக்கு இரண்டு குளிசைகளில் 1000 சர்வதேச அலகு என்று வைத்துக்கொள்வோம். களைப்புக்காகத் தாமே வாங்கிப் போடும் பல்சத்துக் குளிசையில் இன்னுமொரு 1000 அலகு இருக்கலாம். மூட்டுவலிக்கு நல்லதென்று விழுங்கும் கொட் மீன் ஈரல் எண்ணெய்க் கப்சியூலிலும் விற்றமின் டி உண்டு, கூடவே விற்றமின் ஏயும் உண்டு. இதற்கிடையில் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மகள், "அம்மா, இது உடம்புக்கு நல்லது, ஒவ்வொரு நாளும் போடுங்கோ" என்று அன்போடு கையில் வைத்துவிட்டுப் போகும் பெரிய போத்தலில் ஒவ்வொரு கப்சியூலும் 5000 அலகு. எல்லாவற்றையும் கூட்டினால் 7000 ஐத் தாண்டுகிறது. 70 வயதுக்கு உட்பட்ட வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 600 அலகும் அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800 அலகும் போதும் என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த அளவு. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தாண்டக்கூடாத மேல்வரம்பாக அது குறித்திருப்பது 4000 அலகு. இந்த வரம்பைத் தாண்டிய மறுநாளே யாரும் நோயில் விழுவதில்லை. நச்சுநிலை பெரும்பாலும் இதைவிட மிகக் கூடிய அளவுகளை மாதக்கணக்கில் எடுத்தவர்களிடமே காணப்படுகிறது. ஆயினும் அந்த அம்மாவுக்கோ, அவருடைய மகளுக்கோ, கிளினிக்கில் அவரைப் பார்க்கும் வைத்தியருக்கோ இந்த 7000 என்ற எண் தெரியாது என்பதுதான் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது.

விற்றமின் டி விடயத்தில் இன்னொரு தவறும் எளிதாக நேர்ந்துவிடுகிறது. குறைபாடு உள்ளவர்களுக்கு வைத்தியர்கள் 50,000 அல்லது 60,000 அலகு கொண்ட கப்சியூலை வாரத்திற்கு ஒன்று என்ற கணக்கில், சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதுண்டு. அது முறையான சிகிச்சை. அதே கப்சியூலை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால் மேல்வரம்பைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமாகிவிடும். வாரத்திற்கு ஒன்று என்பதைத் தினமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வெளிவந்திருக்கின்றன. மருந்துத் துண்டு ஆங்கிலத்தில், அதுவும் அவசரக் கையெழுத்தில் இருக்கும்போது, வீட்டில் ஒரு முதியவர் தனியாக இருந்து அதைப் படித்துக் குளிசை போடும் நிலையில் இப்பிழை நடப்பதற்கு எவ்வளவு இடமிருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

மிகையான விற்றமின் டி உடம்பில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உணவிலுள்ள கல்சியத்தைக் குடலிலிருந்து குருதிக்குள் ஏற்றுவதே இந்த விற்றமினின் முக்கிய வேலை. அளவு மிஞ்சும்போது கல்சியம் தேவைக்கு மேல் ஏறுகிறது. எலும்பிலிருந்தும் கல்சியம் கரைந்து குருதியில் சேர்கிறது. அதனால் பசி குறையும், குமட்டும், வயிற்றுக்கட்டு உண்டாகும், தாகம் எடுக்கும், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும்ப வேண்டிவரும், சோர்வும் மனக்குழப்பமும் தோன்றும். கவனியாமல் விட்டால் சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம், சிறுநீரகமே செயலிழக்கவும் கூடும், இதயத்துடிப்பு சீர்குலையலாம். இந்த அறிகுறிகளை மறுபடியும் படித்துப் பாருங்கள். வயதானவர் ஒருவரிடம் இவற்றைக் காணும் குடும்பத்தினர், வயது போய்விட்டது என்றோ, சீனி கூடிவிட்டது என்றோ எண்ணுவார்களே ஒழிய, மேசையிலிருக்கும் போத்தலைச் சந்தேகிக்க மாட்டார்கள். களைப்பாக இருக்கிறதே என்று இன்னொரு சத்துக் குளிசையை வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். குருதி அமுக்கத்துக்காக ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற சிறுநீர் பெருக்கி மருந்தை எடுப்பவர்களுக்கு ஆபத்து மேலும் கூடுதல்; அம்மருந்து சிறுநீர் வழியாகக் கல்சியம் வெளியேறுவதைக் குறைத்துவிடும். விற்றமின் டி கொழுப்பில் சேமிக்கப்படுவதால், குளிசையை நிறுத்திய பின்னரும் வாரக்கணக்கில், சிலரில் மாதக்கணக்கில், அதன் விளைவு நீடிக்கும்.

வெயிலில் நிற்பதால் இந்த நச்சுநிலை ஒருபோதும் ஏற்படுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தோலில் உருவாகும் விற்றமின் டியின் முன்பொருள் ஓர் அளவைத் தாண்டியதும், அதே சூரிய ஒளியே அதைப் பயனற்ற பொருட்களாகச் சிதைத்துவிடுகிறது. விழுங்கும் கப்சியூலுக்கு அப்படியொரு தடை இல்லை.

கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே ஆகியவைதான் உடம்பில் தங்கும், பி, சி ஆகியவை நீரில் கரைவதால் கூடினால் சிறுநீரோடு போய்விடும், ஆகவே எவ்வளவு எடுத்தாலும் பாதகமில்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாடசாலையில் படித்த பாதி உண்மை இது. விற்றமின் பி6 ஐப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.3 முதல் 1.7 மில்லிகிராம் வரை இருந்தால் போதும். 1983 இல் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, நாளுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்துவந்த அவர்கள் கால்கள் மரத்து, நடை தள்ளாடி, கையால் நுணுக்கமான வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்ததை எடுத்துக்காட்டியது. அதன் பின்னர் மிகக் குறைந்த அளவுகளிலும், நீண்டகாலம் எடுத்தவர்களிடம் இதே நரம்புப் பாதிப்பு பதிவாகியது. அமெரிக்காவில் மேல்வரம்பு 100 மில்லிகிராம் என்றே இருந்துவர, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023 இல் தன் வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. நம் பாமசிகளில் "நரம்புக் குளிசை" என்று கேட்டு வாங்கப்படும் பி1, பி6, பி12 கூட்டுக் குளிசைகள் சிலவற்றில் ஒரு குளிசையிலேயே பி6 100 அல்லது 200 மில்லிகிராம் இருக்கிறது.

இதில் எனக்கு மிகுந்த வேதனை தருவது நீரிழிவு நோயாளரின் நிலை. நீண்டகால நீரிழிவினால் பாதம் விறைக்கிறது, எரிகிறது. நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெற்போர்மின் குளிசை சிலரில் பி12 ஐக் குறைத்துவிடுவதும் உண்மையே. அப்போது பி12 கொடுக்கத்தான் வேண்டும். அதற்காக ஒருமுறை எழுதிக் கொடுக்கப்பட்ட கூட்டுக் குளிசையைத் துண்டே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பாத விறைப்பு கூடினால், நாளுக்கு ஒன்று போட்டவர் இரண்டு போடத் தொடங்குவார். அந்தக் குளிசையே விறைப்பைக் கூட்டக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காலத்தோடு நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு இந்தப் பாதிப்பு படிப்படியாகக் குறையும். காலம் கடந்தால் சிலருக்கு முழுமையாக நீங்குவதில்லை.

விற்றமின் சியைப் பொறுத்தவரை ஆபத்து அவ்வளவு பெரிதன்று. கொவிட் காலத்தில் பழக்கமான 1000 மில்லிகிராம் கரையும் குளிசையை நாளுக்கு மூன்று தடவை குடிப்பவர்கள் 2000 என்ற மேல்வரம்பைத் தாண்டுகிறார்கள். வயிற்றோட்டம் ஏற்படலாம், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு கூடலாம். நீரில் போட்டவுடன் நுரைத்துக் கரையும் குளிசைகளில் சோடியமும் கணிசமாக இருப்பதால் பிரஷர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் பழக்கமான நாகச்சத்து (சிங்க்) குளிசையையும் நீண்டகாலம் கூடுதலாக எடுத்தால் உடம்பில் செம்பு குறைந்து இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் உண்டாகலாம்.

விற்றமின் ஏ பற்றிக் கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பம் தரிக்க எண்ணியிருப்போருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். ரெற்றினோல் வடிவிலான விற்றமின் ஏ, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேல் உடலில் சேர்ந்தால் கருவில் பிறவிக் குறைபாடுகள் ஏற்படும் ஆபத்து கூடுகிறது என்று 1995 இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. இதனாலேயே பிரித்தானியாவில் கர்ப்பிணிகளை ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும் உண்ண வேண்டாம் என்கிறார்கள். நம்மிடையே, குழந்தைக்கு நல்லதென்று கொட் மீன் ஈரல் எண்ணெயைக் கர்ப்பிணிக்கு வாங்கிக் கொடுக்கும் மாமியார்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுடைய நோக்கத்தில் குறை காண முடியாது, அதை வாங்குவதற்கு முன் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முருங்கையிலை, பொன்னாங்காணி, கரட், பப்பாசி ஆகியவற்றில் இருப்பது பீற்றா கரோட்டின். உடம்பு அதைத் தேவைக்கேற்பவே விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்வதால், இவற்றை எவ்வளவு உண்டாலும் அந்த ஆபத்து இல்லை.

ஆனால் அதே பீற்றா கரோட்டினைக் குளிசையாக எடுத்தபோது நடந்ததை மருந்தியல் படித்த எவரும் மறக்க முடியாது. காய்கறி உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 1994 இல் முடிவு வெளியானபோது, அதை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இன்னொரு பெரிய ஆய்வில் அது 28 வீதம் கூடியதால், 1996 இல் அந்த ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. விற்றமின் ஈயிலும் இதே கதை நடந்தது. 35,000 க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று, நாளுக்கு 400 அலகு எடுத்தவர்களிடையே புரஸ்தசுரப்பிப் புற்றுநோய் 17 வீதம் கூடியதை 2011 இல் அறிவித்தது. இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்று சொல்லிக் கூட்டம் வைத்துச் சத்துக் குளிசை விற்கும் முகவர்கள், இந்த முடிவுகளைப் பற்றி வாயே திறப்பதில்லை. புகைபிடிக்கும் ஒருவருக்குப் "புற்றுநோயைத் தடுக்கும்" என்று பீற்றா கரோட்டின் விற்பது, அறியாமையால் செய்தாலும் பெரும் தீங்குதான்.

முடி உதிர்வுக்கும் நகத்துக்கும் என்று இளம்பெண்கள் எடுக்கும் பயோற்றின் பற்றியும் ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதுமான இச்சத்து, இக்குளிசைகளில் 5000, 10,000 மைக்ரோகிராம் என்று அடைக்கப்படுகிறது. உடம்புக்கு நேரடியான தீங்கு பெரிதாக அறியப்படவில்லை; குருதிப் பரிசோதனைகளைத்தான் இது குழப்பிவிடுகிறது. தைரொயிட் பரிசோதனை பிழையாகக் காட்டலாம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரொபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். அப்படியொரு பிழையான முடிவோடு தொடர்புடைய மரணம் ஒன்று பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்தது. இரத்தம் எடுக்கப் போகும்போது இதை எடுப்பதாக ஆய்வுகூடத்தில் சொல்ல வேண்டும்.

நமது நாட்டில் இதற்கான சட்டம் இல்லாமலில்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பில் மருந்துகள் மட்டுமன்றி, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருட்களும் அடங்குகின்றன. அரை நூற்றாண்டுக்கு முன்னரே மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில் வலியுறுத்தியது, மருந்தை வியாபாரப் பெயரால் அல்லாமல் அதிலுள்ள பொருளின் பெயரால் அறிய வேண்டும் என்பதாகும். 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானதும் அவருடைய முயற்சியால்தான். சத்துக் குளிசைகளுக்கு அந்தக் கொள்கை மிகவும் பொருந்தும். நாலு போத்தல்களிலும் நாலு கவர்ச்சியான பெயர்கள் இருப்பதால்தான், நாலிலும் இருப்பது ஒரே விற்றமின் டி என்பது வாங்குபவருக்குத் தெரியாமல் போகிறது.

ஆகவே அதிகாரசபையினரிடம் நான் கேட்பது இது. இங்கு விற்கப்படும் ஒவ்வொரு சத்துக் குளிசைப் போத்தலின் முன்பக்கத்திலும், அதிலுள்ள ஒவ்வொரு விற்றமினின் அளவும், அது ஒரு நாளைக்கு வேண்டிய அளவில் எத்தனை பங்கு என்பதும், பாதுகாப்பான மேல்வரம்பும் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். விற்றமின் டியைச் சில போத்தல்கள் சர்வதேச அலகிலும் வேறு சில மைக்ரோகிராமிலும் குறிக்கின்றன. 1 மைக்ரோகிராம் 40 அலகுக்குச் சமம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 125 மைக்ரோகிராம் என்று எழுதியிருப்பதைச் சிறிய அளவென்று எண்ணுபவர், தாம் விழுங்குவது 5000 அலகு என்பதை அறியமாட்டார். இரண்டு அலகிலும் குறிக்கச் செய்வது ஒரு பெரிய வேலையன்று.

பாமசியில் நிற்கும் என் தொழில்வழித் தம்பி தங்கைகளிடமும் ஒன்றைக் கேட்கிறேன். விற்றமின் கேட்டு வருபவரிடம், வேறு என்ன குளிசை போடுகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். காலி வீதியில் மாலை நேரத்தில் வரிசை எவ்வளவு நீளும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் துண்டில்லாமல் விற்கப்படும் இப்பொருட்களைப் பற்றி இக்கேள்வியைக் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவரே. குருதி உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர் விற்றமின் கே உள்ள பல்சத்துக் குளிசையைத் தொடங்கினாலும், திடீரென நிறுத்தினாலும், அம்மருந்தின் வேலை மாறிவிடும்; அதைத் தடுக்க இந்த ஒரு கேள்வி போதும்.

வாசகர்கள் அடுத்த முறை கிளினிக்குக்கோ குடும்ப வைத்தியரிடமோ போகும்போது, வீட்டிலுள்ள எல்லா விற்றமின் போத்தல்களையும், மீன் எண்ணெய், முடிக்குளிசை, சத்துமா உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போகட்டும். அல்லது அவற்றின் லேபல்களைக் கைபேசியில் படமெடுத்துச் செல்லட்டும். எதை எவ்வளவு எடுக்கிறோம் என்பதைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். இக்கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் வைத்தியர் எழுதிய போலிக் அமிலத்தையோ, இரும்புச்சத்தையோ, பி12 ஐயோ தாமாக நிறுத்திவிட வேண்டாம். களைப்பாக இருக்கிறது என்று தாமாகவே இரும்புக் குளிசை வாங்குவதும் கூடாது. பரம்பரை இரத்த நோயான தலசீமியாவின் மரபணுவைத் தாங்குபவர்கள் நம் நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தசோகை இரும்புக் குறைவால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, பரிசோதனை செய்து பார்த்த பின்னரே எடுக்க வேண்டும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இரும்புக் குளிசை பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இனிப்புப் போன்ற பூச்சுடன் இருக்கும் 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற்றுக் குளிசையில் தூய இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம் உண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தை பத்துக் குளிசைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, பின்னர் சில மணி நேரம் குழந்தை தேறிவிட்டதுபோல் தோன்றும். அந்த இடைவெளியில் ஏமாந்து வீட்டிலேயே வைத்திருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டு நிலைமை கைமீறிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடமும் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். போகும்போது குளிசைப் போத்தலையும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை குளிசைகள் குறைந்திருக்கின்றன என்பதை வைத்தே வைத்தியர்கள் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.